கையில் இருந்த எழுத்து

எங்கள் கரையில் ஒதுங்கிய அந்த உடலை முதலில் எல்லோரும் ‘எங்கட பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள்.

தலைமன்னார்ப் பக்கம் கடலில் இயக்கத்துக்கும் சிங்கள நேவிக்கும் சண்டை நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விடிந்ததும் கரைவலை இழுக்கப் போனவர்கள் அவனைக் கண்டு, தூக்கிவந்து மீன்வாடியின் நிழலில் கிடத்தினார்கள். மேலில் சட்டை இல்லை. முகத்தை மீன் தின்றிருந்தது. என் பெரியம்மாவின் மகன் இயக்கத்துக்குப் போய் ஒரு வருடமாகச் செய்தி இல்லை. பெரியம்மா வந்து பார்த்து, தன் மகன் இல்லை, அவன் இவ்வளவு உயரமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, அழுதுகொண்டே கழுவினார். வெள்ளைத் துணியால் போர்த்தினார். பெண்கள் செபமாலை சொன்னார்கள். சேமக்காலையில் குழி வெட்ட இரண்டு பேர் மண்வெட்டியோடு போனார்கள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. காற்றில் துணி விலகியபோது, அவன் கையின் உட்புறத்தில் பச்சை குத்தியிருந்ததைக் கண்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் காசுத்தாளில் இருக்கிற வட்ட வட்ட எழுத்து அது என்று தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். வகுப்பில் முதலில் கை உயர்த்துகிற பழக்கம் எனக்கு. துணியை இன்னும் விலக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“இது சிங்கள எழுத்து. ஆள் நேவி.”

செபமாலை பாதியில் நின்றது. சித்தப்பா குனிந்து பார்த்தார்.

“கெட்டிக்காரன்,” என்று என் தலையைத் தடவினார். பிறகு மற்றவர்களிடம், “இதை வள்ளத்தில கட்டுங்கோடா,” என்றார்.

அதற்குள் பிள்ளை ‘இது’ ஆகிவிட்டது.

“முதல்ல குழியில தாட்டுப்போட்டுக் கோவப்படுங்கோ, தம்பி,” என்றார் பெரியம்மா.

“என்ர மூத்தவன்ர எலும்பையாவது தந்தவங்களோ, அக்கா?”

சித்தப்பாவின் மூத்த மகனைச் சந்தையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன படைக்காரர்கள் திருப்பித் தரவே இல்லை. அதனால் சித்தப்பாவைக் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால், சிங்களக் கரையொன்றில் எங்கள் பையன் ஒருவனை இப்படிச் செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தால், அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடியும் ஆகியிருக்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்த வயது வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொல்லத்தான் அலுப்பாக இருக்கிறது.

வள்ளம் அவனைக் கயிற்றில் கட்டி ஆழக்கடலுக்கு இழுத்துப் போயிற்று. குழி வெட்டப் போனவர்கள் அரைவாசி வெட்டியதை மூடிவிட்டுத் திரும்பினார்கள்.

பெரியம்மா வெறுங்குடத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

“உன்னை ஆரடா வாசிக்கச் சொன்னது?”

குடத்தை மணலில் வைத்தார்.

“அவன்ர ரெண்டு கையும் தேய்ச்சுக் கழுவினனான். நான் காணேல்லை எண்டோ நினைச்சனீ?”

எதிரிக்காக அழுத வெட்கத்தை மறைக்கப் பெரியம்மா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்ட பெருமையோடு அன்று முழுவதும் கரையில் திரிந்தேன்.