ஒரே படப்பின் துரும்பு

ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. செய்தித்தாளைத் தடங்கலின்றி உரக்கப் படிப்பவன், வகுப்பின் சட்டாம்பிள்ளை, அடித்தாலும் பொய் சொல்லாதவன். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னர் ஊர்வழக்குகள் நடக்கும் சாவடியில் என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பது விளங்க வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

அண்மையில் கோவில்பட்டியில் உளவியல் பயிலும் மாணவர்களிடம் ஈர்ப்பு, திருமணம், மணமுறிவு ஆகியவை குறித்துப் பேசுமாறு, ஓய்வுபெற்ற பேராசிரியர் என்ற முறையில் என்னை அழைத்திருந்தனர். உரை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்தக் காலத்துல நம்ம பக்கம் விவாகரத்தே கிடையாதுல்லா?" என்றாள். உண்டு, எங்கள் வீட்டிலேயே உண்டு என்றேன். அங்கே நேரமின்றி விட்டதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

இடைசெவலுக்குக் கிழக்கே, பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் ஊர் எங்களுடையது. என் தந்தையின் தங்கையான அத்தை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். அவருடைய அத்தை மகன் ஒருவரும் அங்கேயே வளர்ந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோரை இழந்ததால் தாத்தா அவரைத் தூக்கி வந்துவிட்டார். ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்து, ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்து, ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து அடிவாங்க வைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். முறை இருந்தது, வயது இருந்தது, பிரியமும் கண்ணெதிரே இருந்தது. தாத்தா கட்டிவைத்தார். அதன் பிறகு அவர் எனக்கு மாமா.

தாலி கட்டும்போது இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமா முடிச்சுப் போடத் தடுமாற, அத்தை குனிந்தபடியே குலுங்கினார். "எம்புட்டுப் பிரியம் பாரு!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். ஊரே அந்தச் சிரிப்பைத் தவறாகப் படித்தது.

ஆண்டுகள் சில சென்றன. குழந்தை இல்லை, சண்டையும் இல்லை. மாமா என் பக்கத்தில் பாய் விரித்துக் கதை சொல்லிக்கொண்டே உறங்கிவிடுவார். எனக்கு அது மிகுந்த பெருமையாக இருந்தது. ஒரு நாள் இருவரும் சேர்ந்தே தாத்தாவின் முன் வந்து நின்றார்கள். "எங்களுக்குத் துரும்பு கிள்ளிக் குடுத்துருங்க" என்றார் அத்தை.

துரும்பு கிள்ளுவதே எங்கள் ஊரில் மணமுறிவு. எந்தப் பக்கம் குற்றமோ, அந்தப் பக்கத்தார் சோளத்தட்டையைப் போராக அடுக்கிய படப்பிலிருந்து ஒரு துரும்பை உருவி வருவார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொள்ள, சாவடியின் மூத்தவர் நடுவில் கிள்ளுவார். துரும்பு எந்தப் படப்பிலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தின் பெயர் அதோடு கெட்டது. குற்றவாளி பெண்ணாயின் அவளை வேறு எவரும் கட்டமாட்டார்கள். ஆணாயின் அவனுக்கு எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

பிறர் வீட்டு வழக்குகளில் துரும்பு கிள்ளியவர் என் தாத்தாதான். அன்று அவர் சாவடியின் மேல்திண்ணையில் அமரவில்லை. துண்டை மடித்துக் கீழே மண்ணில் போட்டு, நிமிர்ந்து அமர்ந்தார். அவருடைய இடத்தில், அவருக்குத் தம்பி முறையான எங்கள் பங்காளி ஒருவர் அமர்ந்தார். எங்கள் வீடு தலைகுனிவதைக் காண நெடுநாள் காத்திருந்தவர் அவர்.

"குத்தம் யாரு மேல?" என்றார் பங்காளி.

"எம் மேலதான்" என்றார் மாமா.

"பொய் சொல்லுதான் சின்னையா. எம் மேலதான்" என்றார் அத்தை.

சாவடி சிரித்தது. "புருசனை அவன் இவன்னுல்லா பேசுதா! ஏத்தா, அப்படி என்ன குத்தம் செஞ்ச?" என்றார் பங்காளி. அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். பங்காளி தாத்தாவை நோக்கித் திரும்பினார்: "அண்ணாச்சி, ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்காத சோடிக்குத் துரும்பு எதுக்கு? உள்ளுக்குள்ள வேற என்னமோ கெடக்கு. பெரிய வீட்டு விசயம், மூடுதீங்க."

அப்போதுதான் பங்காளியின் கண் என் மேல் விழுந்தது. "ஏலே, இங்கன வா. நீ படிக்குத பய, பொய் சொல்லமாட்ட. வீட்டுக்குள்ள இவிய ரெண்டு பேரும் எப்படி இருக்காக? உள்ளதைச் சொல்லு."

பள்ளி ஆய்வாளர் முன் நிற்பதுபோல் கைகட்டி நின்றேன். எங்கள் வீட்டின் பெருமையைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டதாக உணர்ந்தேன். "நல்லா இருக்காக சின்னத் தாத்தா. சண்டையே கிடையாது. அத்தை என்னையக் கூப்பிடுத மாதிரியேதான் மாமாவையும் கூப்பிடுவாக. எனக்குத் தலை துவட்டுத மாதிரியேதான் மாமாவுக்கும் துவட்டுவாக. ரெண்டு பேருக்கும் வித்தியாசமே பாக்கமாட்டாக."

எவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. பங்காளி தம் தாடையைத் தடவினார். எதையோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று என் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

தாத்தா எழுந்தார். "கேட்டுக்கிட்டீகளா? குத்தம் புள்ளைக மேல இல்ல. வளத்த வீட்டு மேல. அண்ணன் தங்கச்சியா வளத்ததும் நான்தான். முறை இருக்குன்னு கட்டி வச்சதும் நான்தான். துரும்பு எம் பேருல, எம் படப்புலருந்து வருது. இவிய பேரைத் தொடாதீக."

யாரையும் அனுப்பவில்லை. ஊர் முழுவதும் பார்க்க, தெருவின் நடுவே அவரே நடந்துபோய், எங்கள் படப்பின் ஒரு சோளத்தட்டையிலிருந்து துரும்பை உருவிக்கொண்டு, அதே நடையில் திரும்பி வந்தார். குற்றத்தைச் சுமந்து வருபவர் அப்படி நடந்து அதுவரை எவரும் கண்டதில்லை. பங்காளி தாமாகவே மேல்திண்ணையை விட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, நீங்களே கிள்ளுங்க" என்றார்.

தாத்தா கிள்ளினார். இரண்டு துண்டுகளும் இரண்டு கைகளில் நின்றன. அத்தை தம் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சேலையை உதறினார்.

"ஏலே, வீட்டுக்கு வா. கஞ்சி ஆறிப்போவும்" என்றார் மாமாவிடம். இருவரும் ஒரே தெருவில், ஒரே வீட்டுக்கு நடந்து போனார்கள்.

மறு வருடம் பொங்கலுக்குத் துணி தைக்கப் புதியம்புத்தூரிலிருந்து ஒரு தையல்காரர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் சட்டைத்துணிக்கு அளவு கேட்க அவர் எங்கள் வாசலில் நின்றபோது, தெருவுக்கே கேட்கும் குரல் படைத்த என் அத்தை நிலைக்கதவின் பின்னால் ஒதுங்கி நின்றார். கேட்ட கேள்விக்கான பதிலை என்னிடம் முணுமுணுத்தார். அதை நான் உரக்கச் சொன்னேன். அவர் போன பிறகு அத்தை குடத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அத்தைக்கு அந்த மனிதரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, அதை வீட்டில் எல்லோரிடமும் அறிவித்தேன். மாமா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். தை பிறந்து அத்தையைத் தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தபோது, உடன்பிறந்தவன் செய்ய வேண்டிய சீரைச் சுமந்து முன்னால் நடந்தவரும் மாமாதான். அவருக்கும் அதே ஆண்டில் நாகலாபுரத்தில் பெண் அமைந்தது. எந்த வீட்டிலும் எந்தக் கேள்வியும் எழவில்லை.

சிறுவயது முதல் சேர்ந்து வளர்ந்தவர்களிடையே ஆண்-பெண் ஈர்ப்பு அரிதாகவே பிறக்கும் என்பதைப் பிற்பாடு நூல்களில் படித்தேன். சாவடியில் நான் வீட்டைப் புகழ்ந்ததாக எண்ணிச் சொன்னதுதான் வழக்கின் தீர்ப்பு என்பதும், அத்தை குடத்தை எடுத்து எடுத்து வைத்தது வெறுப்பினால் அல்ல என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

தையல்காரரால்தான் எங்கள் அத்தையின் முதல் தாலி இறங்கியது என்று ஊரில் சிலர் இன்றும் சொல்லிவருகிறார்கள். அது தவறு. துரும்பு கிள்ளியபோது அவர் எங்கள் ஊருக்கே வந்திருக்கவில்லை.