எதிர்மறை வலுவூட்டலுக்கு ஓர் உதாரணம்

மாம்புரிக் கடற்கரையை விட்டு நான் நடந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தோளில் ஒரு பை, சேர்ட்டுக்குள் பதினொரு போட்டோகொப்பித் தாள்கள். கரைவலைச் சம்மாட்டி பின்னாலிருந்து கத்தினார்.

“நாளைக்கு லீவு கேட்டவன் இண்டைக்கே போறான் பாரு! இனி இந்தப் பக்கம் வராத!”

“ஓம் முதலாளி, வரல்ல.”

யுத்தம் முடிந்த பிறகு நான் விட்டுப்போன எட்டாவது வேலை அது. எலுவன்குளத்தில் வயல் காவல், பாலாவியில் உப்பளம் என்று எதிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. இந்த முறை போக ஓர் இடம் இருந்தது. கரைத்தீவில் பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் தன் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்தினார். கூடப்பிறந்த மூத்தவள், என் ராத்தா, அங்கே சமையல். உதவிக்கு ஆள் வேண்டும், சேர்ட்டிபிக்கட் தேவையில்லை, தாளில் உள்ள சொற்களை உதாரணத்தோடு விளக்கினால் போதும் என்று டீச்சர் சொல்லி, தாள்களையும் கொடுத்தனுப்பியிருந்தார். நாளைக் காலை டீச்சர் கேள்வி கேட்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

நடந்தபடியே சொல்லிப் பார்த்தேன். முன்னால் நடந்தது முன்நிகழ்வு. பிள்ளை செய்தது நடத்தை. பின்னால் கிடைத்தது பின்விளைவு. செய்ததைத் திரும்பவும் செய்யவைக்கிற பின்விளைவு வலுவூட்டல். அது எப்போதாவது மட்டும் கிடைத்தால் பழக்கம் இன்னும் உறுதியாகும். இதற்கு எனக்குத் தாள் தேவையில்லை. பத்துத் தரம் வெறும் வலை வந்தாலும், ஒரு நாள் பாரை மீன் நிறைந்த ஞாபகத்தில் பதினோராம் தரமும் இழுத்திருக்கிறோம். வலுவூட்டலை நிறுத்தினால் நடத்தை தணியும், ஆனால் தணியுமுன் ஒரு தரம் கூடும். கரையில் நாங்கள் தங்கும் வாடியின் நாய்க்கு மீன் தலை போடுவதை நிறுத்தியபோது மூன்று நாள் ஊளையிட்டது. நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் ஒருவன் ஒரு தலையை எறிந்தான். அதன்பின் நாய் நாலு நாள் ஊளையிடப் பழகிக்கொண்டது.

பாதி நடை, பாதி தேங்காய் லொறி. பின்னேரம் ராத்தா வீட்டில் பிளேன்டீயோடு தாளை நீட்டினேன்.

“எதிர்மறை வலுவூட்டல் எண்டா என்னடா?” என்றாள்.

“தண்டனை.”

“பிழை! தண்டனை இல்ல எண்டு டீச்சர் நூறு தரம் செல்றா.”

“அப்ப என்ன?”

“அது விளங்கினா நான் ஏன்டா சோறாக்கிறன்?”

அந்த ஒரு சொல் விளங்காமலே படுத்தேன். விடிய ராத்தா கதவடியில் நின்று கத்தத் தொடங்கினாள். “எழும்பு! எழும்புடா! எழும்பு!” எழுந்து உட்கார்ந்தேன். சத்தம் நின்றது. அப்படியே பாயில் இருந்தேன். சத்தத்தை நிறுத்தத்தான் எழும்பினேன். நாளைக்கும் எழும்புவேன்.

“ராத்தா, பிடிச்சிட்டன்!”

“என்னத்தடா? காய்ச்சலையா?”

விறாந்தையில் டீச்சர் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

“தொல்லை ஒண்டு நிக்கிறதால ஒரு நடத்தை கூடுறது,” என்றேன். “சம்மாட்டி ஏசுவார். வலையை இழுத்தா ஏச்சு நிக்கும். அதால இழுப்பம். வேலையை விட்டு நடந்தாலும் ஏச்சு நிக்கும், டீச்சர். அதால எனக்கு நடை கூடிப்போச்சு. எட்டு வேலை விட்டுட்டன்.”

குசினிக்குள் ராத்தா கரண்டியைப் போடும் சத்தம் கேட்டது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. “இங்க பிள்ளைகளும் கத்துவாங்க. அப்பவும் நடப்பீங்களா?”

“கடைசித் தாள்ல இருக்கு, டீச்சர். மேசையைத் தள்ளிட்டு ஓடுற பிள்ளைக்கு, ஓடாம ‘கொஞ்சம் நிப்பாட்டுங்க’ எண்டு கேக்கப் பழக்கோணும். கேட்டா உடன நிப்பாட்டோணும். எனக்கும் அதையே பழக்குங்க.”

இப்போது சிரித்தார். மற்றச் சொற்களைக் கேட்கவேயில்லை. பேச்சு வராத பிள்ளை ‘நிப்பாட்டுங்க’ என்று கேட்பதற்கான, சிவப்புக் கை வரைந்த ஓர் அட்டையை என்னிடம் தந்து, மணி கோர்க்கும் மேசையில் ஓடத் தயாராக இருந்த ஆறு வயதுப் பெண்பிள்ளையைக் காட்டினார்.

அட்டையை அவள் முன்னால் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கதிரையைப் பின்னால் தள்ளியதும், அவள் கையைப் பிடித்து அட்டையை எடுக்கவைத்து என் உள்ளங்கையில் வைக்கச் செய்தேன். உடனே மணிகளை அகற்றினேன். மூன்றாம் நாள் அவள் தானே அட்டையைத் தந்தாள். ஒன்பதாவது வேலை அது. அதை நான் விடவில்லை.