எங்கே போகிறீர்கள் என்று கேட்காத வீடு

என் கணவர் வீட்டு ஆண்கள் யாரும் ஐம்பது வயதைப் பார்த்ததில்லை. மாமனார் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் சரிந்தார். இவருடைய அண்ணன் ரயிலில் தூங்கினவர், திருநெல்வேலி வந்தும் எழுந்திருக்கவில்லை. இவருக்கு நாற்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தபோது இவர் வேலை பார்த்த துறைமுக ஆபீசில் எல்லாருக்கும் உடம்பைச் சோதித்தார்கள். ரத்தக் கொதிப்பு மிக அதிகம், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் குடியிருந்தோம். அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்த பயம் பிறகு எழுந்து போகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். உப்பைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள், தினமும் விடியற்காலையில் நன்றாக நடங்கள், எண்பது வயது வரைக்கும் இருக்கலாம். அவருக்கென்ன, சிரிப்பார்.

ஊரிலிருந்து வந்த கருவாட்டை அன்றைக்கே பொட்டலமாகக் கட்டி மளிகைக் கடைக்காரர் மனைவியிடம் கொடுத்தேன். ஊறுகாய் ஜாடி அலமாரிக்குள் போனது, சாவி என் இடுப்புக்குப் போனது. குழம்பை வாயில் வைத்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

“ஆஸ்பத்திரிச் சாப்பாடு இதுக்குத் தேவல.”

“பேசாம சாப்பிடுங்க. உங்களுக்கு உப்பு வேணுமா, நான் வேணுமா?”

“ரெண்டுந்தான் கேக்கேன்.”

சிரிப்பு வந்தாலும் சிரிக்கமாட்டேன். சிரித்தால் ஒரு சிட்டிகை கூடக் கேட்பார்.

சாப்பாடு என் கையில் இருந்தது. நடைதான் என் கையில் இல்லை. அந்த வருஷங்களில் ஊர் கெட்டுக் கிடந்தது. எங்கேயோ குண்டு வெடிக்கும், சந்து முனையில் போலீஸ் வேன் நிற்கும், விடியற்காலையில் வெளியே போன ஆள் முழுசாகத் திரும்பினால் போதும் என்று இருந்தது. டாக்டரோ அந்த விடியற்காலையில்தான் நடக்கச் சொல்கிறார். வீட்டில் உட்காரவைத்தால் நெஞ்சு நின்றுவிடுமோ என்று பயம், வெளியே அனுப்பினால் எவன் கையிலாவது மாட்டிக்கொள்வாரோ என்று பயம். நான் எதற்கென்று பயப்படுவேன்?

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், இவர் வீட்டிலும் அப்படித்தான். ‘போறேன்’ என்று இவரும் சொல்லமாட்டார். “போயிட்டு வாரேன்” என்பார். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

கீழ்வீட்டு மாஷிமாவுக்கு இந்த விவரமெல்லாம் எங்கே தெரியும்? எங்களைவிடக் கொஞ்சம் மூத்த வங்காளி அம்மாள்; மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. பூஜைக்குச் செம்பருத்தி பறிக்க விடியும் முன்பே வாசல் கேட்டருகில் நிற்பாள். இவர் படியிறங்கியதும், “கோத்தாய் ஜாச்சேன்?” என்று கேட்பாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு அது வெறும் குசலம். மாடியில் நிற்கிற எனக்கோ வயிறு எரியும். இந்தப் பொம்பளைக்கு வேறு கேள்வியே கிடைக்காதா, உயிருக்காக நடக்கப் போகிற மனுஷனிடம் தினமும் இதையா கேட்பது என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே, இவர் சொல்கிற பதிலைக் கேட்காமல் உள்ளே போய்விடுவேன். இவர் வந்ததும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்ட நாளும் உண்டு.

ஒருநாள் நல்ல பனிமூட்டம். குரங்குக் குல்லாய் மாட்டி, சால்வை போர்த்திக்கொண்டு இவர் போனார். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்கு அப்பால் இருக்கிற ஏரிப்பக்கம் டப்பென்று ஒரு வெடிச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. என் கை அரிவாள்மணையிலேயே நின்றுவிட்டது.

பால் பூத்திலிருந்து பாட்டிலோடு ஜனங்கள் திரும்புகிற நேரத்துக்கு இவரும் திரும்பிவிடுவார். எல்லாரும் திரும்பினார்கள். இவரைக் காணோம். செருப்பை மாட்டினேனா என்றுகூட நினைவில்லை, ஓடினேன். சந்து முனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எந்தப் பக்கம் ஓடுவது? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இவர் எந்த வழியில் நடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லையே.

சத்தம் வந்த ஏரிக்கே ஓடினேன். பனியில் நடக்கிற ஆண்கள் எல்லாருக்கும் அதே குல்லாய், அதே சால்வை. ஒருவரைப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பின முகம் வேறு. பாவம், அவர் என்னைவிடப் பயந்துபோனார். இந்தப் பக்கம் போகாதே அம்மா, போலீஸ் நிற்கிறது என்றார். “முருகா, முருகா” என்று வாய்விட்டு அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

மாஷிமா பூக்கூடையோடு கேட்டில் நின்றாள். “பௌமா, என்ன ஆச்சு?” அவள் என்னை வீட்டு மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் சொன்னேன்.

“ஏரியில் ஏன் தேடுகிறாய்? நான் கேட்டேனே! ஏரியில் போலீஸ் இருக்கிறதாம், டாக்குரியா பாலம் வரை போய் வருகிறேன் என்றாரே!”

கூடையைப் படியில் வைத்துவிட்டு அவளே கைரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள், என்னோடு ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க என் கையை விடவில்லை.

பாலத்தடியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இவர் சாய்ந்து கிடந்தார். அந்தக் குளிரில் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. யார், எந்த வீடு என்று சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்த பிறகுதான் மெல்ல முனகினார்.

“ஒண்ணுமில்ல. நெஞ்சு கொஞ்சம் அடைக்கி.”

ஐயோ, ஒன்றுமில்லையாம்! டீக்கடைக்காரர் ஒரு டாக்ஸியை மறித்து ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்னிடம் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்றார். மாஷிமா பூஜையும் இல்லாமல், ஒரு வாய்த் தண்ணீரும் இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

இவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, தேறி, பனிக்காலமும் முடிந்த பிறகு, மறுபடி நடக்கலாம் என்றார் டாக்டர். மெதுவாக, ஆனால் ஒருநாளும் விடாமல். எனக்கு அன்று இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு இவர் வாசலில் நின்றார். போகவில்லை.

“என்ன நிக்கிய?”

“கேளு.”

“என்னத்த?”

“மாஷிமா கேக்கதத்தான். நீ கேளு.”

பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வி. கேட்டு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்காமல் இருந்து அன்றைக்கு ஆனதும் கண் முன்னால் நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க போறிய?”

ரிக்‌ஷாக்காரனுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னார். மார்க்கெட் முனை, டிராம் ரோடு, ஏரிக்கரை மரத்தடி, அங்கே கொஞ்சம் உட்காருவேன், அதே வழியில் திரும்புவேன்.

“போயிட்டு வாரேன்.”

படியிறங்கினார். கீழே மாஷிமாவும் கேட்டாள். இவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் மாடியில் நின்றுகொண்டு, இந்நேரம் மார்க்கெட் முனை, இந்நேரம் டிராம் ரோடு என்று அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.