கேட்டைப் பிடித்து நின்றவள்

மேயோ ஊர்ப்பக்கம் தபால் கொடுக்கும் அசம்ப்டாவுக்குச் சைக்கிளில் யாரும் தனக்கு முன்னால் போனால் ஆகாது. தண்டவாளத்தைப் பிடுங்கிச் சரளை கொட்டிய பழைய ரயில் பாதையில் நடந்த பந்தயத்திலும் அவள்தான் முன்னே பறந்தாள், குறுக்கே மாடு வெளியேறாமல் போட்டிருந்த கேட் வரும்வரை.

கேட்டைத் திறந்தவர்தான் சாத்த வேண்டும், பின்னால் ஆள் வந்தால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அசம்ப்டா திறந்தாள், நின்றாள். அத்தனை பேரும் "ரொம்ப நன்றிம்மா" என்று நுழைந்து போனார்கள். கடைசியாக வந்த கிழட்டுப் பாதிரியார், மழை வருமா என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

எல்லைக்கோட்டுக்குக் கடைசியாக வந்து சேர்ந்து அவள் நடந்ததைச் சொன்னதும், அங்கே நின்ற புருஷன் மலக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன்டி, ஃபாதருக்கும் பின்னாலயா வருவே? கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்திருந்தா குடியா முழுகிடும்?"

"அங்க மேயுறது யாரு மாடு?"

மலக்கியின் சிரிப்பு பாதியில் நின்றது. "நம்ம மாடு."

"தெரியுதுல்ல? போய் டீ வாங்கிட்டு வா."