கருதுகோள் உலோகம்

என் தம்பியைக் கடலுக்குப் போகாதவனாக்கியது நீங்கள்தான், பேராசிரியர் ஐயா. வேறு ஒருவருமில்லை.

குருநகரில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்துக்கு நீங்கள் பேச வந்தபோது அவன் முன்வரிசையில் இருந்தான். அவனுடைய வள்ளத்தைத் தள்ளும் இயந்திரத்தின் விசிறித் தண்டை உப்புநீர்க் கறள் தின்று முடித்திருந்த நேரம் அது. நீங்கள் திரையில் பளபளவென்று ஒரு உலோகம் காட்டினீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் துகள்களை அடுக்கும் விதத்தை மாற்றினால் போதும், கேட்ட குணம் வரும், வளைந்தால் தானே நிமிரும், உப்பு கிட்டவும் வராது என்றீர்கள். தம்பி எழும்பினான்.

"உதுக்கு என்ன பேர் ஐயா?"

"இப்போதைக்கு இது ஒரு கருதுகோள் உலோகம்" என்று சிரித்தீர்கள்.

பித்தளை, வெண்கலம் மாதிரி அதுவும் ஒரு பெயர் என்றே அவன் எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு பட்டணத்து இரும்புக் கடைக்குப் போனான்.

"கருதுகோளிலை விசிறித் தண்டு இருக்கோ?"

கடைக்காரன் முகத்தில் சிரிப்பே இல்லை. "அடடா, போன கிழமைதான் முடிஞ்சுது அண்ணை. கப்பல் வரட்டுமன்."

வெளியே வந்து, "அவன் உன்னை நக்கலடிக்கிறான்ரா" என்றேன்.

"உனக்கென்ன தெரியும் அண்ணை? அவ்வளவு படிச்ச மனுசன் மேடையிலை ஏறிப் பொய் சொல்லுவாரே?"

அன்றிலிருந்து காத்திருக்கிறான். நான் வாங்கி வந்த சாதாரண உருக்குத் தண்டை வள்ளத்தில் பூட்ட விடவில்லை. "உதையும் உப்புத் தின்னும்" என்று மணலில் எறிந்தான். மற்றவர்களின் வள்ளத்திலும் ஏறுகிறானில்லை. அவன் மனைவி கருவாட்டு வாடியில் கூலிக்கு மீன் வெட்டுகிறாள். அவள் அழுதும் பார்த்துவிட்டாள், ஏசியும் பார்த்துவிட்டாள்.

உடுவிலில் ஒரு ஆசிரியையிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். இன்னும் எவரும் செய்யாத, யோசனையில் மட்டும் உள்ள சாமான் என்றார். ஓடிவந்து தம்பியிடம் சொன்னேன்.

"அதை அவர் சொல்லட்டும், நம்புறன்" என்றான்.

உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் சரியான சொல்லைத்தானே பாவிச்சன்" என்றீர்கள், வைத்துவிட்டீர்கள்.

சரியான சொல்தான். அது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்?

என் வாயை அவன் நம்பமாட்டான். ஞாயிறு பூசை முடிந்து சனம் முற்றத்தில் நிற்கும்போது வாருங்கள். அந்த உலோகம் உலகத்தில் இருக்கிறதா, இல்லையா? எல்லோருக்கும் முன்னால், அவன் காதுபடப் பதில் சொல்லுங்கள்.