ஈரத் துண்டும் என் தம்பி கணக்கும்

என் தம்பியை எல்லாரும் கூப்பிடுறது வாட்டு, பல்புல போட்டிருக்குமே அந்த வாட்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுறவன். டீ ஆறிப்போச்சுடான்னு சொன்னா, குடிக்க மாட்டான். எவ்வளவு சூடு வீணாச்சுன்னு கணக்குப் போட உக்காந்துடுவான்.

நான் நீச்சல் குளத்துக்குத் துண்டு துவைச்சுக் குடுக்கிறவ. போகவும் வரவும் பெரிய ரோட்டுல ஏறணும். வளைவுல லாரி தலை காட்டினா அஞ்சே நொடிதான், அதுக்குள்ள வேன் வேகம் பிடிச்சாகணும். போன மாசம் என் ஓட்டை வேன் பாதியில திணறி, மயிரிழையில தப்பிச்சேன். அதுலேருந்து வேனை எடுக்கவே பயமா இருந்துச்சு. ஓட்டலைன்னா குளத்து வேலை போச்சு, என் கடைக்குப் பூட்டுதான்.

"கரண்ட் மோட்டார் வெச்சுத் தர்றேன்க்கா"ன்னான். வேனை எடை போட்டான். சாவிக்கொத்தைக்கூட விடலை. என்னையும் தராசுல ஏத்தி, தெருவுக்கே கேக்கற மாதிரி படிச்சான், பாவி!

"எல்லாம் சேர்ந்து எண்ணூறு கிலோ. நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் வேணும். எடையில பாதி, அதை வேகத்தால ரெண்டு தடவை பெருக்கு. நாப்பதாயிரம். அஞ்சு நொடியால வகுத்தா எட்டாயிரம் வாட்டு. உராய்வுக்குத் தனியா சேர்த்துட்டேன்."

முதல் நாள் அவனும் பின்னாடி ஏறிக்கிட்டான். போகும்போது வேன் ஜம்முன்னு பறந்துச்சு. பெருமை தாங்கலை அவனுக்கு.

திரும்பும்போதுதான் வினை. சாவிக்கொத்தை எடை போட்ட மகராசன், துண்டைக் காய்ஞ்சதா எடை போட்டிருக்கான்! குளத்துலேருந்து வர்ற துண்டு சொட்டச் சொட்ட ஈரம். இருநூறு கிலோ கூடுதல். ரோட்டுல ஏறினா வேன் முக்குது. வளைவுல லாரி! எனக்கு உயிரே போயிடுச்சு.

"அழுத்துக்கா!"ன்னு கத்தினவன், ஒரு ஈர மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓரமா குதிச்சுட்டான். லாரிக்காரர் பிரேக் போட்டுக்கிட்டே ஹாரன் அடிச்சார். நான் அழுத்தின அழுத்துல வேன் தப்பிச்சு முன்னாடி போயிடுச்சு.

ஓரங்கட்டிட்டு ஓடி வந்து பார்த்தா, முழங்கால் சிராய்ச்சு, சேத்துல மூட்டையோட உக்காந்திருக்கான். வாய் முணுமுணுத்துக்கிட்டிருந்துச்சு.

"நானும் மூட்டையும் எண்பது கிலோ. மிச்சமானது அரை நொடிதான்க்கா. லாரிக்காரர் பிரேக் போட்டதாலதான் பிழைச்சோம்."

"அப்புறம் எதுக்குடா குதிச்சே, கிறுக்கா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அப்ப கணக்கு ஞாபகம் வரலைக்கா."

இப்போ ஈரத் துண்டை ரெண்டு நடையா ஏத்திட்டு வர்றேன். அஞ்சு நொடிக்குள்ள வேன் வேகம் பிடிச்சுடுது, பயமும் போயிடுச்சு.