ஆறரை மணிக்கு மாறும் அலைவரிசை

மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி தானாக அலைவரிசை மாறும். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் நாடகத்தில் மருமகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருப்பாள், திறந்தபடியே மறைந்துபோவாள். ஒரு கணம் கறுப்பு. பிறகு எங்கள் ஊர்க் கேபிள்காரரின் சொந்த அலைவரிசை, மலர்வளையப் படம், மெல்லிய வயலின். மரண அறிவித்தல்.

அம்மா கோபிக்கமாட்டார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, தலைமயிரை ஒருதரம் தடவிக்கொண்டு சொல்வார்: "அப்பா வந்திட்டார்."

அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அங்கே அப்போது மணி நான்கு. வேலை முடிந்து தொழிலாளர் முகாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்துகொண்டு, தன் போனில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பார். அவர் அங்கே விரலால் தட்டினால் இங்கே ஓர்ஸ் ஹில் மேட்டில் எங்கள் வீட்டு ஹோலில் அலைவரிசை மாறும். இந்த வேலையைச் செய்து வைத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டாருக்குப் போகமுன் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் அப்பாவோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்த கூட்டாளி ஒருவர் இறந்துபோனார். வேலைக்கு ஓடித்திரிந்த அம்மாவுக்கும் பரீட்சைக்குள் மூழ்கியிருந்த எனக்கும் அது தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அப்பா சும்மா கதைப்பதற்காக அந்த வீட்டுக்குப் போன் எடுத்து, கூட்டாளியின் மனைவியிடம் "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிசி என்ன சொன்னார் என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் எங்களோடும் கதைக்கவில்லை.

ஊர்ச் சாவெல்லாம் அந்தக் கேபிள் அலைவரிசையில் வரும். ஆனால் அது இணையத்தில் கிடையாது. வயர் போகும் வீடுகளில் மட்டும்தான். நான் அப்போது படிப்பு முடிந்து, கை துறுதுறுத்துக்கொண்டிருந்தேன். பழைய சாமான் கடையில் ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. கேபிள் பெட்டியின் படத்தை வாங்கி இணையத்தில் ஏற்றிவிடும். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் ஒரு குட்டிக் கண். அதைக் கேபிள் பெட்டிக்கு முன்னால் ஒட்டிவிட்டால் றிமோட் போல் வேலை செய்யும். நான்கு நாள் சோறு தண்ணி மறந்து அதோடு மல்லுக்கட்டினேன்.

ஐந்தாம் நாள் பஸ்ஸுக்குள் இருந்து அப்பா கத்தினார்.

"பிள்ளை! சந்திக் கடை விளம்பரம் ஓடுது! அந்தாள் இன்னும் அதே சேட்டோட நிக்குது!"

பக்கத்தில் யாரோ சிங்களத்தில் "சத்தம் போடாதே" என்று சொன்னது எனக்கும் கேட்டது. அன்று நான் நிலத்தில் நடக்கவில்லை.

இரண்டு விஷயங்களை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேபிள் பெட்டி. ஒரு நேரத்தில் அது ஒரு அலைவரிசையைத்தான் தரும். அப்பா பார்ப்பதைத்தான் நாங்களும் பார்க்கவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதும் ஒருவர்தான். இரண்டாவது ஆள் திறந்தால் "வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுத்து வரும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. மரண அறிவித்தல் பார்த்தவுடன் முடிவதில்லை.

"சாம்பல்தீவில ஒராள் செத்துப்போட்டுது, பிள்ளை. என்னோட படிச்சவன். நாளைக்கு எடுக்கினமாம். எனக்குப் பதிலா ஒருக்கால் போட்டு வாவன்."

அம்மாவுக்கு வேலை. போகிறவள் நான். வெள்ளைச் சட்டை ஒன்றை இதற்கென்றே ஆணியில் மாட்டி வைத்தேன். அறியாத வீடுகளின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து, அறியாத மனிதர்களுக்காக முகத்தைத் தொங்கப்போட்டேன். உப்புவெளியில் ஒரு செத்தவீட்டில் கிழவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் ஆரின்ர பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அவர் கட்டாரிலயெல்லோ? எப்பிடி இவ்வளவு கெதியாத் தெரியும்?"

"ரிவியில பாத்தவர், ஐயா."

"அங்கையும் எங்கட கேபிள் போகுதோ? அப்ப நான் செத்தாலும் பாப்பாரோ?"

"ஓம் ஐயா. ஆறரைக்கு."

வாயில் வந்துவிட்டது. பக்கத்துக் கதிரைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கிழவரும் சிரித்தார். "சரி, நல்ல படமாக் குடுக்கச் சொல்லவேணும்" என்றார்.

கரண்ட் போய் வந்தால் அப்பாவின் போனில் படம் வராது. மூன்று பிளக்கையும் கழற்றி, ஒழுங்காகத் திரும்பச் செருகவேண்டும். முதலில் இணையத்துக்கான றவுட்டர், அறுபது எண்ணவேண்டும். பிறகு கேபிள் பெட்டி. கடைசியாகச் சின்னப் பெட்டி. ஒழுங்கு மாறினால் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்காது. எங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஆறரைக்கு நான் வீட்டில் நிற்கவேண்டும். கூட்டாளிப் பெண்களோடு உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும்போது போன் வரும்: "பிள்ளை, படம் நிண்டுபோச்சு." மேட்டில் சைக்கிளை உருட்டி ஏற்றி, மூச்சிரைக்க வந்து பிளக்கைக் கழற்றுவேன். அவர்கள் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

பிளக்குகளில் நகப்பூச்சால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எனக்கு உதெல்லாம் ஏலாது, பிள்ளை. நான் கை வைச்சா வெடிக்கும்."

தண்ணி மோட்டரைத் தானே கழற்றிப் பூட்டுகிற மனிசி. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு கொழும்பில் வேலைக்கு விண்ணப்பித்தேன். வலையமைப்பு வேலை, நான் கனவு கண்டுகொண்டிருந்த அதே வேலை. நேர்முகப் பரீட்சை வீடியோவில். நீங்களாகச் செய்த ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இந்தப் பெட்டியைப் பற்றி நிறுத்தாமல் கதைத்தேன். ஒரு கிழமையில் கடிதம் வந்தது: திங்கட்கிழமை காலை வந்து சேரவும்.

அப்பா சந்தோஷப்பட்டார்.

"நல்லது, மகள். அப்ப பெட்டிய ஆர் பாக்கிறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மா குசினிக்குள் கறியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "அவசரப்படாதை. இஞ்சையும் வேலை வரும்."

நான் விடவில்லை. நேரம் வைத்து இயங்கும் பிளக்குகள் வாங்கிப் பார்த்தேன். கரண்ட் போனால் அவற்றின் நேரமே குழம்பியது. கொழும்பிலிருந்தே போன் மூலம் இயக்கும் பிளக்கை யோசித்தேன். பெட்டியை இணையத்தால் எழுப்பலாம். இணையத்தையே எழுப்ப வீட்டில் ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது. வேலை வாங்கித் தந்த பெட்டியே வாசலில் குறுக்கே கிடந்தது.

வியாழக்கிழமை பின்னேரம், வீட்டில் சொல்லாமல் பஸ் நிலையத்துக்குப் போய் ஞாயிறு காலைக் கொழும்பு பஸ்ஸில் இருக்கை பதிந்தேன். ரிக்கெட்டை எடுத்துவிட்டால் போகிற தைரியம் வரும் என்று நினைத்தேன். ரிக்கெட்டைக் கையில் வாங்கும்போதே கடைகளில் விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் வந்தது. நேரம் பார்த்தேன். ஆறேகால். உள்துறைமுகத்தை ஒட்டிய வீதியால் கண்மண் தெரியாமல் மிதித்தேன். வீட்டுப் படலைக்குள் நுழையும்போது ஆறரை தாண்டிவிட்டது.

உள்ளே வயலின் கேட்டது.

மூன்று பச்சை விளக்கும் அசையாமல் எரிந்தன. அம்மா கதிரையில் இருந்தார்.

"கரண்ட் போகேல்லையோ?"

"போனது."

"பிறகு?"

"வந்தது."

குனிந்து பார்த்தேன். நகப்பூச்சில் எழுதிய இரண்டின்மேல் கறிமஞ்சள் பட்ட விரல் அடையாளம், ஈரமாக. அதன் கீழே பழைய மஞ்சள், காய்ந்தது. மூன்றிலும் இருந்தது. நான் கடற்கரையிலிருந்து ஓடிவராத நாட்களும் இருந்திருக்கின்றன. அந்த நாட்களில் கரண்ட் போகவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஏலாது என்று சொல்லியே அம்மா என்னை வீட்டில் பிடித்து வைத்திருந்திருக்கிறார். அடுத்த நாள் முழுவதும் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். பின்னேரம் ஆறரைக்கு அலைவரிசை மாறியது. அம்மா தலைமயிரைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அப்பா வந்திட்டார்" என்றார். நான் போனபின் இதை யாரிடம் சொல்வார் என்று அப்போதுதான் நினைத்தேன். கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகு போவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை ஆறரைக்குச் சற்று முன் கரண்ட் போய் வந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, படம் வரேல்லை."

நான் எழும்பவில்லை. எழும்பாமல் இருப்பதற்கு இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆரும் நிக்கிறீங்களோ?"

அம்மா குசினித் துணியில் கையைத் துடைத்தார். போய் மூன்று பிளக்கையும் கழற்றினார். ஒன்றைச் செருகி, உதடு அசைய எண்ணினார். ஒரு எண்ணைக்கூட விழுங்காமல் அறுபதுவரை. பிறகு இரண்டு. பிறகு மூன்று.

"ஆ, வந்திட்டுது! கெட்டிக்காரி என்ர பிள்ளை."

"அம்மாதான் போட்டவ, அப்பா."

"அவவுக்கு ஏலுமோ?"

அம்மா போனைப் பார்த்துச் சொன்னார்: "ஏலும்."

திரையில் சாம்பல்தீவு ஆள் இன்னொருவரின் படம் வந்தது. திங்கட்கிழமை எடுக்கிறார்கள். அப்பா தயங்கினார். "தெரிஞ்ச மனிசன். ஆர் போறது?"

"நான் லீவு போடுறன்" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "உன்ர பஸ் எத்தனை மணிக்கு?"

ரிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எப்போது கண்டார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கொழும்பில் ஆறரைக்கு நான் பெரும்பாலும் பஸ்ஸில் இருப்பேன். போனை எடுத்து வீட்டுப் பெட்டியைத் திறப்பேன். "வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுத்து வரும். வந்தால் சரி, அம்மா பிளக் போட்டிருக்கிறார், அப்பா பஸ்ஸில் ஏறிவிட்டார். வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்துவேன். இந்தக் கிழமை மட்டும் இரண்டு தடவை இறங்கவேண்டிய தரிப்பிடத்தை விட்டுவிட்டேன்.